பல்லில் கவ்விய பறி

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா நடத்தினார்கள். வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் பதிப்பகத்துக்குக் கீழே இருக்கும் அச்சகத்தில் ரெடியாக இருந்த பேனர் டிசைன் இரண்டே இரண்டு. ஒன்று மஞ்சள் நீராட்டு, இன்னொன்று பணி ஓய்வு. எது பொருத்தம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி எல்லாம் முறையாக வந்தன. எனவே நான் ஓய்வு பெற்றவள்.

கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் பக்கத்தில் வந்தார்கள்.

"அக்கா, நீங்கல்லாம் வாய்விட்டுப் படிச்சுத்தான் ப்ரூஃப் பாத்தீங்களாமே?"

"ஆமா."

"சாஃப்ட்வேரே தப்புக்கு அடியில செவப்புக் கோடு போடுதே. எதுக்குக்கா தொண்டத் தண்ணி வத்தப் படிக்கணும்?"

அடுத்த மாதத்திலிருந்து படிக்கிற மேசையை எடுத்துவிட்டு அங்கே கூரியர் பார்சல் அடுக்கப் போகிறார்கள் என்று எனக்கும் தெரியும். நல்ல கேள்விதான். ஆனால் கேசரியில் முந்திரி அதிகம் இருந்தது, அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், இப்போது ஒரு லோடு வண்டியும். கணினி அறிவியல் படித்தேன். சென்னையில் ஒரு வேலை, அதை விட்டு இன்னொரு வேலை, அதையும் விட்டேன். "இவளுக்கு ஒரு எடத்துல குந்தவே வராது" என்று வீட்டில் பேச்சு. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் ஒரு பதிப்பகம், மெய்ப்புப் பார்க்க ஆள் தேவை என்று போர்டு தொங்கியது. படியேறினேன். முதல் ஆண்டுகளில் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கண் பொய் சொல்லும், காது அவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

முறை இதுதான். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர் ஆசிரியரின் கைப்பிரதியை வாய்விட்டுப் படிப்பார். அந்தப் பக்கம் ஒருவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வருவார். குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'அவன் வந்தான் கமா உட்கார்ந்தான் புள்ளி' என்று. புதுப் பத்தி வந்தால் மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. எலக்ட்ரிக் ட்ரெயின் போகும்போது ஒன்றும் கேட்காது. அப்போது வரியின் மேல் விரலை வைத்து அப்படியே நிற்க வேண்டும். ரயில் போன பிறகு விட்ட எழுத்திலிருந்து தொடர வேண்டும். ரயில் போகிற இடைவெளியில் கண்ணால் மேலே ஓடிவிடுவது என் ஆரம்பகாலப் பழக்கம். அவசரக்காரி. அதை வேதவல்லி மேடம் ஒரே வாரத்தில் நிறுத்தினார். திட்டவில்லை. நான் ஓடிப்போன வரியிலிருந்து பின்னால் வந்து, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி படிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும்.

வேதவல்லி மேடம்தான் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர். திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எப்போதும் பல்லுக்கிடையில் ஒரு கிராம்பு. பச்சை மசிப் பேனா. 'தவறு' என்ற சொல்லை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. சந்தேகம் வந்த இடத்தில் பக்க ஓரத்தில் இரண்டே சொல் எழுதுவார்: யார் பார்த்தது?

ஒரு முறை சிறுவர் கதை ஒன்று. கூழைக்கடா தன் குஞ்சுகளுக்குத் தாலாட்டுப் போலக் கத்தும் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். 'கூட்டில் பெரிய பறவை சும்மா இருக்கும், குஞ்சுகள்தான் கத்தும்' என்று ஓரத்தில் குறித்தேன். மேடம் என் குறிப்புக்குப் பக்கத்திலேயே பச்சையில் எழுதினார், யார் பார்த்தது?

"நான்தான் மேடம். எங்க ஊர்ல கருவேல மரம் பூரா அதுங்கதான். சின்ன வயசுலருந்து பாக்கறேன்."

"அப்ப உன் பேர எழுது."

எழுதினேன். அவ்வளவுதான் வழக்கம். பார்த்தவர் பெயர் பக்கத்தில் இருந்தால் கேள்வி தீர்ந்தது.

இனி அந்த நாவல்.

எழுதியவர் தேசிங்கு. ஈசிஆர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். முதல் நாவல். திருவிடந்தையைத் தாண்டி மேற்கே இறங்கினால் உப்பங்கழி. அதன் கரைச் சேற்றில் இருக்கிற சிறு குப்பம் அவர் ஊர். வலை வாங்க வசதியில்லாத சனங்கள், கையால் இறால் பிடிப்பவர்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். பறி என்பது பனையோலைக் கூடை. அதன் வாயில் ஒரு கயிறு, அந்தக் கயிறுதான் பல்லில். பிடித்த இறால் நேராகக் கூடைக்குள் போகும். தண்ணீரில் இறங்கியது முதல் ஏறும் வரை பேச்சே கிடையாது. நாவல் முழுக்க இந்தச் சேறுதான்: மழைக்காலத்தில் குடிசையைப் பிரித்து ரோட்டோரம் தூக்கிப் போவது, ரிசார்ட் சுவர் ஒவ்வொரு ஆண்டும் தண்ணீரை நோக்கி நகர்வது, சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே மறுநாள் இறங்குவது. நல்ல கை. எனக்கு ஒரே மூச்சில் படிக்க வந்தது.

பேஜாரு ஒரே ஓர் அத்தியாயத்தில்தான்.

தேசிங்கு பள்ளியில் இருந்த காலத்தில் நடந்தது அது. அவர் அம்மா கன்னியம்மாவும் சித்தி செல்லியும் இறால் பிடிக்கப் போனார்கள். செல்லி உளையில், அதாவது ஆளை இழுக்கிற புதைசேற்றில், மாட்டிக்கொண்டாள். தண்ணீர் ஏறிவிட்டது. பிழைக்கவில்லை. அந்த நேரத்தில் உப்பங்கழியில் ஒரு படகு இருந்தது, எட்டியப்பன் என்பவருடையது. கன்னியம்மா கூப்பிட்டாள், எட்டியப்பன் கேட்டும் வரவில்லை. குப்பம் முழுக்க இதைத்தான் சொல்லும். நாவலிலும் அப்படித்தான் இருந்தது. தேசிங்கு பெயர்களை மாற்றியிருந்தார், படகை மாற்றவில்லை. அந்தக் குப்பத்தில் படகே ஒன்றுதான்.

'பல்லில் பறி இருக்கும்போது எப்படிக் கூப்பிட்டாள்?' என்று நான் ஓரத்தில் குறித்து அனுப்பினேன். தேசிங்கு மறுநாளே ஒரு புதுப் பத்தி எழுதி அனுப்பிவிட்டார். பறி வாயிலிருந்து விழுகிறது. இறால்கள் வெயிலில் மின்னித் தண்ணீரில் சிதறுகின்றன. அவள் குரல் எதிர்க்கரைப் பனைவரிசையில் மோதித் திரும்புகிறது. படகுக்காரன் தலையைத் திருப்பிப் பார்க்கிறான், பிறகு கோலை மறுபடி ஊன்றுகிறான். நாவலிலேயே சிறந்த பத்தி அதுதான். நான் எழுந்து போய் மேடத்தின் மேசையில் வைத்தேன்.

மேடம் படித்தார். ஓரத்தில் பச்சையில் அதே இரண்டு சொல் எழுதினார்.

"மேடம், இது நாவல். கற்பனை" என்றேன்.

"கற்பனைக்கு யாரும் சாட்சி வர வேணாம். அந்தப் படகுக்காரர் உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப அவர் காதுல விழணும். கெளம்பு."

அது பதிப்பகத்தின் விதி. கதை உயிரோடு இருப்பவரைத் தொட்டால், அச்சுக்குப் போகும் முன் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்து முடித்ததும் சற்றுப் பொறுத்து, யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போகலாம். அச்சில் ஏறிவிட்டால் எட்டியப்பன் ஆயுசுக்கும் அப்படித்தான். குப்பம் பேசுவது வேறு, புத்தகம் பேசுவது வேறு. புத்தகம் அவர் பேரனுக்கும் கிடைக்கும்.

நேரத்தை அவர்கள்தான் சொன்னார்கள். தண்ணீர் வடிந்து வத்தம் ஆனால் எல்லாரும் இறால் பிடிக்க இறங்கிவிடுவார்கள். ஏற்றமாக இருக்கும்போதுதான் கரையில் ஆள் கிடைக்கும். நானும் மேடமும் போனபோது பகல் வெயில். ரிசார்ட்டிலிருந்து தேசிங்கு கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு போடப்பட்டிருந்தன. பெண்கள் தரையில். கன்னியம்மா புதுப் பறி ஒன்றுக்கு வாய்க்கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, பல் மட்டும் உறுதியாக, வரிசையாக. எட்டியப்பன் தள்ளி, கவிழ்த்துப்போட்ட தன் படகின் மேல். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. தேசிங்கு என்னிடம் மெதுவாகச் சொன்னார், பெண்கள் அந்தப் படகில் ஏறுவதில்லையாம். இறால் துறைக்குப் போகச் சுற்றுக்கரையில் நடப்பார்கள். அவர் காலிப் படகை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போவாராம்.

படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே பவுனு என்ற பெண் குறுக்கே வந்தார்.

"இரு டீச்சரே. கத நடுவுல கமா கமான்னு யார கூப்ட்டுகினே கீறே?"

"எந்த ஊர்க்காரிமே அவ?" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு அடங்க நேரமானது. பல ஆண்டு பழகிய நாக்கு, குறியை விட்டுப் படி என்றால் கேட்குமா? கமாவை விழுங்கினேன், புள்ளி மட்டும் தன்னால் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். நான் வாக்கியத்தை முடிப்பேன், எல்லாரும் சேர்ந்து "புள்ளி!" என்பார்கள். ரிசார்ட் சுவர் வருகிற இடத்தில் தேசிங்கின் முதலாளியைப் பற்றி ஒரு வாக்கியம் உண்டு. அதற்கு மூன்று முறை புள்ளி வைத்தார்கள்.

பிறகு அந்த அத்தியாயம். அவள் தண்ணீரில் இறங்கிப் பறியைக் கவ்வினாள் என்று படித்தேன். யாரும் புள்ளி சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்துக்கும் சொல்லவில்லை. கன்னியம்மா முடிச்சை இறுக்குவதற்காகக் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார், கை மட்டும் நின்றுவிட்டது. பறி விழுந்தது, இறால் சிதறியது, குரல் பனைவரிசையில் மோதியது, படகுக்காரன் திரும்பிப் பார்த்தான். முடித்தேன்.

எட்டியப்பன் எழுந்தார்.

"எனக்கு கேக்கல. அன்னிக்கும் அதான் சொன்னேன், இன்னிக்கும் அதான்."

"பெரியாஸ்பத்திரி டாக்டரு காது ஷோக்கா கீதுன்னாரே அண்ணாத்த" என்றார் பவுனு. "அப்பறம் எப்டி கேக்காம பூடும்?"

"அத்த காட்டத்தாம்மே செங்கல்பட்டு வரைக்கும் போனேன். செவுடுன்னு எழுதிக் குட்த்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

சிலர் சிரித்தார்கள். இது பழைய கேலி என்று தெரிந்தது. நல்ல காது என்று மருத்துவர் சொன்னதுதான் அவரை முழுக்கக் கவிழ்த்திருக்கிறது.

மேடம் கிராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "இந்தம்மா கூப்பிட்டத யாரு பாத்தா?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா."

"தெரியறது சரி. பாத்தது யாரு?"

தேசிங்குதான் சொன்னார். "எங்கம்மாதான் மேடம். அவங்கதான கூப்ட்டாங்க. அவங்களே கேட்டுகினுதான கீறாங்க."

எல்லாரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சற்றுப் பொறுத்தேன், விதிப்படி. பேனாவைத் திறந்து ஓரத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். மேடத்தின் கை பக்கத்தின் மேல் வந்து விழுந்தது.

"வாயில கயிறு இருக்கு. எடுக்கட்டும்."

கன்னியம்மா அவசரப்படவில்லை. முடிச்சை இழுத்து முடித்தார். கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நான் கூப்டல" என்றார்.

"இன்னாம்மா சொல்றே?" தேசிங்கின் குரல் மெலிந்துவிட்டது.

"பறி வுழுந்திச்சின்னு எழுதிகீறியே. அது வுழலடா. ரொம்பி இருந்திச்சி. செல்லி மாட்டிக்கினா. கைய நீட்டிக்கினே போனேன். எறா பூடும்னு நெனச்சி வுடாம இல்ல, வுடணும்னே தோணல. தண்ணில எறங்கிட்டா பல்லு அதும்பாட்டுக்கு கட்டிக்கும். இவளுங்கள கேளு, தெரியும். அவள கரைக்கி இஸ்துகினு வந்து போட்டப்பறந்தான் பாக்கறேன், பறி வாயில கீது. உள்ள எறா உசுரோட துள்ளிக்கினு கீது."

"அப்பறம் ஏம்மா கூப்ட்டேன்னு சொன்னே?"

"நான் எப்பறா சொன்னேன்? ஓடியாந்தவங்க கூப்ட்டியா, கூப்ட்டியான்னாங்க. தலைய ஆட்னேன். அப்பவும் வாயில பறி. அப்பறம் நீங்களே பேசிக்கினீங்க. பேசப் பேச எனக்கே கூப்ட்டா மாதிரி ஆயிடுச்சி. நீ எறா செதறிச்சின்னு எழுதினே பாரு, அப்பதான் அது உள்ள துள்ளினது நெனப்பு வந்திச்சி." முடிச்சை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எட்டியப்பனைப் பார்த்தேன். அவர் கோபப்படுவார், அழுவார், ஏதோ ஒன்று செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காதுமடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப காது நல்லாத்தான் கீது."

"நல்லாத்தான் கீது அண்ணாத்த" என்றார் பவுனு, தரையைப் பார்த்து.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொருவராக எழுந்து பறியை எடுத்துக்கொண்டார்கள். எட்டியப்பன் படகை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினார். பவுனும் மற்றவர்களும் வழக்கம்போலச் சுற்றுக்கரையில் நடந்தார்கள். கன்னியம்மா புதுப் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு படகுப் பக்கம் போனார். ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"ஓரமா குந்தாத, சாயும்" என்றார் எட்டியப்பன். நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார் கன்னியம்மா. படகு போனது.

பஸ்ஸில் திரும்பினோம். திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது மேடம், "கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கினார்.

தேசிங்கு பல நாள் வரவில்லை. போனில் என்னிடம் சண்டை பிடித்தார். "அந்தப் பத்திய எடுத்துட்டா நாவல்ல இன்னாங்க இருக்கு? படிக்கிறவன் எங்கம்மாவத்தான் திட்டுவான். நானே புடிச்சிக் குடுத்த மாதிரி ஆயிடும்." எனக்கும் அந்தப் பத்தியை விட மனமில்லை. நடுவழி ஒன்று கண்டுபிடித்தேன். படகை எடுத்துவிடலாம், குரலை வைத்துக்கொள்ளலாம். எட்டியப்பனுக்குக் கெட்ட பெயர் இல்லை, கன்னியம்மாவும் தப்பித்துவிடுவார், நாவலுக்கும் சேதமில்லை. சாமர்த்தியமான யோசனை என்று நினைத்துக்கொண்டு மேடத்திடம் சொன்னேன்.

"அந்தம்மா கேட்டுகிட்டாங்களா, தப்பிக்கணும்னு?" என்றார். பச்சைக் கேள்வி பக்கத்தில் அப்படியே இருந்தது.

ஒரு நாள் மாலை, ரிசார்ட் யூனிஃபார்மிலேயே தேசிங்கு படியேறி வந்தார். கையில் ஒரு தாள். சிதறிய இறால் இல்லை, பனைவரிசை இல்லை. படகுக்காரன் தூரத்தில் முதுகைக் காட்டியபடி கோல் ஊன்றிப் போகிறான், கேட்பதற்கு அவனுக்கு ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். எலக்ட்ரிக் ஒயரை அளந்து வெட்டியதுபோல இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காராமல், மேசையில் கிடந்த பழைய பக்கத்தை இழுத்தார். யார் பார்த்தது என்ற பச்சை எழுத்துக்குப் பக்கத்தில், கன்னியம்மாள் என்று எழுதினார்.

"நைட்டு ட்யூட்டிக்கு முன்னாடி படிச்சுக் காட்டினேன். ரெண்டு தபா படிக்கச் சொன்னாங்க" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"பறிக்கயிறு தேங்கா நார்ல இருந்ததுன்னு எழுதியிருந்தேன். நைலான்னாங்க. மாத்திட்டேன்."

புதிதாகச் சேர்ந்திருக்கும் இருவருக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். பழைய பத்தியில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. சாஃப்ட்வேர் அதன் கீழ் ஒரு சிவப்புக் கோடும் போட்டிருக்காது. மேசையை எடுப்பது உங்கள் இஷ்டம்.

அந்த நாவலுக்குக் கடைசி வாசிப்பு நானும் மேடமும்தான் உட்கார்ந்தோம். கைப்பிரதி என்னிடம், அச்சுப்படி அவரிடம். அந்தப் பத்தி வந்தது. மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். செல்லியைக் கரைக்கு இழுத்து வந்தாள் புள்ளி. கீழே கிடத்தினாள் புள்ளி. பறியை அவள் விடவில்லை, என்று படித்த இடத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் வந்துவிட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வரியின் மேல் விரலை வைத்தேன். கண் மேலே ஓடவில்லை. எதிரே மேடம் கிராம்பைக் கடித்தபடி, பச்சைப் பேனா முனையை அதே வரியில் வைத்துக் காத்திருந்தார். பெட்டிக்குப் பின் பெட்டியாக ரயில் போய் முடிந்தது.

"புள்ளி" என்றேன்.